சாரி அக்காவின் ஆங்கிலக் கட்டுரை

ஃப்ரிட்ஜ் குளிரவில்லை, வாஷிங் மெஷின் சுற்றவில்லை என்று போன் செய்கிறவர்களிடம் எடுத்த எடுப்பில் மன்னிப்புக் கேட்பதுதான் அவளுக்கு வேலை. "சாரி சார், உங்க சிரமம் எனக்குப் புரியுது" என்று ஆரம்பிக்க வேண்டும். வாங்குகிற திட்டையெல்லாம் வாங்க வேண்டும். "நீங்க சொல்றது ரொம்ப நியாயம் சார்" என்று முடிக்க வேண்டும். மெஷினைச் செய்தவன் எங்கோ, விற்றவன் எங்கோ. வாங்கிக் கட்டிக்கொள்கிறவள் மட்டும் இங்கே, காதில் ஹெட்போனோடு, மூன்று பக்கமும் அட்டைத் தடுப்பு வைத்த ஒரு மேஜையில்.

வருஷக்கணக்காக இதையே செய்ததில் அந்த வார்த்தை நாக்கில் கூடு கட்டிவிட்டது. பஸ்ஸில் ஒருத்தன் அவள் காலை மிதித்தாலும் அவள்தான் சாரி சொல்வாள். கதவில் இடித்துக்கொண்டால் கதவுக்கும் ஒன்று. அலுவலகத்தில் அவளுக்குப் பெயரே 'சாரி அக்கா' என்றாகிவிட்டது. புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், அக்கா சைடில் சேலை வியாபாரம் செய்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்து, "நீலத்துல என்ன இருக்குக்கா?" என்று வந்து நின்றாள். "சாரிம்மா, நான் விக்கிறதில்லையே" என்றாள் இவள். அந்தப் பெண்ணுக்கு இன்னும் குழப்பம்.

அந்த வேலைக்கு ஒருநாள் உலை வைத்தார்கள். டீம் லீடர், இவளைவிட வயதில் சின்னவன், எல்லோரையும் கூட்டி வைத்துச் சொன்னான்.

"இந்த வருஷத்தோட போன் செக்‌ஷன் கிடையாது. இனிமே மெஷினே பேசும்."

"மெஷின் சாரி சொல்லுமா?" என்று யாரோ கேட்டார்கள்.

"நம்மளவிட நல்லா சொல்லும். அதுக்குத் தொண்டை கட்டாது."

ஈமெயிலுக்குப் பதில் எழுதுகிற பிரிவில் சிலரை எடுத்துக்கொள்வார்கள், ஆனால் பட்டம் வாங்கியிருக்க வேண்டும் என்றான். சொல்லும்போது அவன் கண் சாரி அக்காவின் பக்கம் வந்து, சட்டென்று நகர்ந்துவிட்டது. அவளுக்குப் பட்டம் இல்லை என்பது அவனுக்குத் தெரியும்.

பட்டம் அவளுக்குக் கைக்கு எட்டி வாய்க்கு எட்டாமல் போன சங்கதி. கடைசி வருஷம் படிக்கும்போது அப்பா பக்கவாதத்தில் விழுந்தார். வீட்டில் சம்பாதிக்க வேறு ஆள் இல்லை. எல்லாப் பாடத்திலும் தேறியிருந்தவள், ஆங்கிலத்தில் மட்டும் கட்டுரை ஒன்று கொடுக்காமல் படிப்பை விட்டு வேலைக்குப் போனாள். பிறகு அப்பாவும் போனார், கல்யாணம் ஆனது, பாக்கி மட்டும் பாக்கியாகவே நின்றது. கல்லூரி ஆபீஸில் போய் விசாரித்தபோது, கண்ணாடி போட்ட கிளார்க் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே, "இந்த டெர்ம்தான் கடைசி. இதுலயும் முடிக்கலன்னா உங்க பேரை எடுத்துடுவாங்க. அப்புறம் முதல் வருஷத்துலேர்ந்துதான்" என்றார்.

"சாரி சார்" என்றாள் அவள்.

"என்கிட்ட எதுக்கும்மா சாரி?" என்றார் அவர்.

வார லீவு நாளில் வகுப்பு. தன் வயதில் பாதிகூட இல்லாத பிள்ளைகளுக்கு நடுவில் போய் உட்கார்ந்தாள். பாடம் எடுத்த மேடமும் இவளைவிட இளையவர். எதை எழுதிக் கொடுத்தாலும் பக்கம் முழுக்கச் சிவப்பாக்கித் தருவதால் பிள்ளைகள் அவருக்கு 'செங்கல் சூளை' என்று பெயர் வைத்திருந்தார்கள். ஆள் கடுமை இல்லை. குரல் எப்போதும் மெதுவாகத்தான் வரும். அந்த மெதுவான குரலில்தான் சொன்னார், தேர்வு கிடையாது, ஒரே ஒரு ஆராய்ச்சிக் கட்டுரை என்று. ஒரு சிறுகதையை எடுத்துக்கொள்ள வேண்டும். அதைப் பற்றி அறிஞர்கள் எழுதியதைத் தேடிப் படிக்க வேண்டும். பிறகு சொந்தமாக ஒரு வாதத்தை வைத்து, அதைக் கதையிலிருந்தே ஆதாரம் காட்டி நிறுவ வேண்டும். யார் சொன்னது, எந்தப் புத்தகம், எந்தப் பக்கம் என்பதையெல்லாம் கடைசியில் ஒழுங்காகப் போட வேண்டும்.

அவளுக்கு வந்த கதை சின்னக் கதைதான். ஒரு தங்கும் விடுதியில் அறைகளைப் பெருக்குகிற ஒருத்தி. அங்கே தங்கியிருக்கும் ஒருவரின் கைக்கடிகாரம் காணாமல் போகிறது. அவர் கத்தவில்லை, மிரட்டவில்லை. அவளை உட்காரச் சொல்லி, "பயப்படாதே, நிதானமா யோசிச்சு சொல்லு, நீ எடுத்தியா?" என்று தன்மையாகக் கேட்கிறார். அவள் வாயே திறக்கவில்லை. தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்துகிறாள். தன் பையைக் கட்டிலில் கொட்டுகிறாள். ஒவ்வொன்றாகத் திரும்ப உள்ளே வைத்துக்கொண்டு விடுதியை விட்டே போய்விடுகிறாள். கொஞ்ச நாளில் கடிகாரம் அவருடைய கோட்டிலேயே, கிழிந்த உள்துணிக்குள் அகப்படுகிறது. ஆள் அனுப்பிக் கூப்பிடுகிறார்கள். வருகிறாள், விளக்குமாற்றை எடுக்கிறாள். அத்தோடு கதை முடிகிறது.

அவள் ஏன் பேசவில்லை? உலகத்தில் இதைப் பற்றி இவ்வளவு பேர் எழுதியிருப்பார்கள் என்று சாரி அக்கா கனவிலும் நினைக்கவில்லை. அது அவளுடைய தன்மானம், பதில் சொன்னாலே தாழ்ந்து போவாள் என்றார் ஒருவர். ஆமாம், சரிதானே என்று பட்டது. தன்மானமும் இல்லை ஒன்றும் இல்லை, ஏழை சொல் அம்பலம் ஏறாது, அது தெரிந்ததால் பேசவில்லை என்றார் இன்னொருவர். அதுவும் சரி என்று பட்டது. பையைக் கொட்டிக் காட்டியது தான் எதையும் கொண்டுபோகவில்லை என்று ஊருக்கு நிரூபிக்க என்று எல்லோருமே எழுதியிருந்தார்கள். அதுவும் சரிதான். எல்லாவற்றையும் சேர்த்துத் தைத்து முதல் வரைவைக் கொடுத்தாள்.

மேடம் அவளைத் துறை அறைக்கு வரச் சொன்னார்.

"அக்கா, இந்தப் பக்கத்துல இவர் சொல்றது சரின்னு எழுதியிருக்கீங்க. அடுத்த பக்கத்துல அதுக்கு நேர் எதிரா சொல்றவரும் சரின்னு எழுதியிருக்கீங்க. ரெண்டும் எப்படிச் சரியாகும்?"

"ரெண்டு பேருமே பெரிய படிப்பு படிச்சவங்க மேடம்."

"அது ஒரு காரணமா?"

"சாரி மேடம்."

"சாரி வேண்டாம். எனக்கு ஒரே ஒரு வாக்கியம் குடுங்க. 'அவ பேசாததுக்குக் காரணம் இதுதான்'னு உங்க வாக்கியம். அதைப் படிச்சா யாராவது உங்களோட சண்டைக்கு வரணும். யாரும் சண்டைக்கு வர முடியாத கட்டுரை, கட்டுரையே இல்ல."

சண்டையை அணைப்பதற்காகச் சம்பளம் வாங்குகிறவளிடம் சண்டையை மூட்டு என்றால் எங்கே போவாள்? போனில் பேசுகிற இங்கிலீஷ் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் அந்த இங்கிலீஷில் இருந்ததெல்லாம் 'நீங்கள் சொல்வது உண்மைதான்' மட்டும்தான். 'நான் நினைக்கிறேன்' என்று டைப் அடிப்பாள். அதற்குப் பின்னால் திரையில் கர்சர் கோடு மின்னி மின்னி நிற்கும். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருக்கும். அந்த வார்த்தைகளை அழித்துவிட்டு, இன்னொரு அறிஞர் எழுதியதை இறக்கிப் படிப்பாள். அவரும் நன்றாகத்தான் எழுதியிருப்பார்.

மூன்றாவது வாரம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பஸ்ஸில் நின்றுகொண்டே காகிதங்களைப் படித்து, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போனாள். வேலை நடுவில் ஒருவர் கத்திக்கொண்டிருக்கும்போது, இவர் ஏன் கத்துகிறார், கடிகாரக்காரர் ஏன் கத்தவில்லை என்று யோசனை ஓடி, பதில் சொல்ல மறந்தாள். அலுவலகக் கழிப்பறையில் தாழ் போட்டுக்கொண்டு, வாயில் கைக்குட்டையை அடைத்துக்கொண்டு அழுதாள். அழுதுவிட்டு வெளியே வந்தால் வாஷ்பேசின் கண்ணாடியில் தெரிகிற முகத்தை அவளுக்கே பிடிக்கவில்லை. எல்லோருக்கும் ஒரு கருத்து இருக்கிறது, எதிர்வீட்டு நாய்க்குக்கூடக் குரைக்கக் காரணம் இருக்கிறது, எனக்கு மட்டும் உள்ளே ஒன்றுமே இல்லையா என்று தோன்றிவிட்டது. பட்டம், வேலை எல்லாவற்றையும்விட அந்தப் பயம்தான் அவளை அரித்தது.

புருஷன் லிஃப்ட் மெக்கானிக். எதுவும் பாதியில் நின்றால் அந்த மனுஷருக்குப் பொறுக்காது. வீட்டுக் கடிகாரம் நின்றாலும் சரி, பொண்டாட்டி பேச்சை நிறுத்தினாலும் சரி, ஸ்பேனரை எடுத்துக்கொண்டு கிளம்புகிற ஜாதி. "என்னம்மா அது அப்படிப்பட்ட கட்டுரை? என்கிட்ட சொல்லேன், நான் பாக்கறேன்" என்பார். இங்கிலீஷ் அவருக்கு 'ஓவர்லோட்', 'எமர்ஜென்சி' வரைதான். "உங்களால முடியாதுங்க" என்பாள். அவர் கொஞ்ச நேரம் அவள் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போவார்.

கட்டுரையை அச்சடித்து, பைண்ட் செய்து, துறை அறையில் கொடுக்க வேண்டிய நாள் வேலை நாளாகப் போனது. மூடப் போகிற பிரிவில் லீவு கேட்டால், "மொத்தமா லீவுதான் வரப்போகுதே அக்கா, அவசரப்படாதீங்க" என்கிறார்கள். கட்டுரையோ முடியவில்லை. நடு வாக்கியத்தில், 'ஆகவே அவள் பேசாததற்கு' என்று நின்றிருந்தது. தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன முழம் என்ன என்று பென்டிரைவைப் புருஷன் கையில் கொடுத்தாள்.

"காலேஜ் எதிர்ல ஜெராக்ஸ் கடை இருக்கு. பிரிண்ட் எடுத்து, முதல் பக்கத்துல என் பேர் இருக்கான்னு பாத்து, பைண்ட் பண்ணிக் குடுத்துட்டு வந்துடுங்க."

"முடிச்சுட்டியா?"

"முடிஞ்சுபோச்சு" என்றாள். அதற்கு இரண்டு அர்த்தம் உண்டு என்று அவருக்குத் தெரிந்துதான் இருந்தது.

சாயங்காலம் வந்து, "குடுத்துட்டேன்" என்றார். சட்டையைக் கழற்றாமலே குளிக்கப் போனார். இவள் அதைக் கவனிக்கிற நிலையில் இல்லை.

அடுத்த வாரம் மேடம் கூப்பிட்டு அனுப்பினார். துறை அறையில் வேறு யாரும் இல்லை. விடைத்தாள் கட்டுகள், சாவி தொங்குகிற இரும்பு பீரோ, ஓட்டை ஜன்னலுக்கு ஒட்டிய பழைய காலண்டர். மேஜைமேல் இரண்டு கட்டுரைகள் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. ஒன்றில் அவள் பெயர்.

"உட்காருங்க அக்கா. தண்ணி குடிங்க. இது போன வருஷம் ஒரு பையன் குடுத்தது. இது உங்களுது. பாருங்க."

பார்த்தாள். எழுத்துக்கு எழுத்து ஒன்று. அவன் விட்ட பிழைகூட அதே இடத்தில். முதல் வாக்கியம் தன்மானத்தைப் பற்றி அழகாக, வழுக்கிக்கொண்டு ஓடியது. இப்படியொன்றை அவள் எழுதவில்லை. ஆனால் பெயர் அவள் பெயர். அந்த வாக்கியமும் எங்கோ படித்த மாதிரி, தன் கையாலேயே டைப் அடித்த மாதிரி இருந்தது. அந்த வாரங்களில் எத்தனை வாக்கியங்களை எங்கெங்கிருந்தோ எடுத்து ஒட்டியிருக்கிறாள்!

"பயப்படாதீங்க. நிதானமா சொல்லுங்க. இதை நீங்க எடுத்தீங்களா?"

மேடம் இதைத் தன்மையாகத்தான் கேட்டார். அவள் உதடு பிரிந்தது. வந்த வார்த்தை ஒன்றே ஒன்று.

"சாரி மேடம்."

மேடம் கண்ணை மூடித் திறந்தார். "அப்போ ஒத்துக்கிறீங்க."

"இல்ல மேடம்... தெரியல... சாரி."

"நான் இதைக் காலேஜ் விசாரணைக் கமிட்டிக்கு அனுப்பித்தான் ஆகணும் அக்கா. எனக்கு வேற வழி இல்ல."

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தால்கூட வெண்ணெய் இருந்தது என்றாவது சொல்லிக்கொள்ளலாம். இங்கே அதுவும் இல்லை. உச்சி வெயிலில் வீட்டுக்கு வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் கம்ப்யூட்டரைத் திறந்தாள். ஒவ்வொரு கோப்பாகப் பார்த்தாள். அழித்ததையெல்லாம் போய்த் தேடினாள். அந்தக் கட்டுரை எங்கேயும் இல்லை. ஆனால் மனசு சமாதானம் ஆகவில்லை. கைப்பையை எடுத்துக் கட்டிலில் கவிழ்த்தாள். பஸ் டிக்கெட், தலைவலி மாத்திரை, சீப்பு, மடித்து மடித்துக் கிழிந்த நகல்கள். ஒவ்வொன்றையும் விரித்துப் படித்தாள். எங்காவது அந்த முதல் வாக்கியம் இருந்துவிட்டால்?

புருஷன் வந்தபோது, கொட்டிக் கிடந்த சாமான்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள்.

"என்னம்மா தேடுறே?"

"நான் திருடினேனான்னு தேடுறேங்க."

அவர் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டார். பிறகு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நீ இல்லம்மா. நான்."

ஜெராக்ஸ் கடைக்காரர் கோப்பைத் திறந்து பார்த்திருக்கிறார். "அண்ணே, இது பாதியில நிக்குது. இதைக் குடுத்தா அண்ணி ஃபெயில்தான். அதே கதைக்கு நம்ம சிஸ்டத்துல முழுசா ஒண்ணு கிடக்கு, பேரை மாத்திப் போட்டுடவா?" என்றிருக்கிறார். நின்றுபோனது ஓடினால் போதும் என்று இவரும் தலையாட்டிவிட்டார்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்ல?"

"கேட்டா நீ வேண்டாம்னு சொல்லியிருப்பே."

"ஆமா, சொல்லியிருப்பேன்! வேண்டாம்னு சொல்லியிருப்பேன்! அது ஒண்ணாவது நானா சொன்னதா இருந்திருக்கும்!"

அவள் கத்தி அவர் கேட்டதில்லை. அவளே கேட்டதில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த டிவியின் சத்தத்தைக் குறைத்தார்கள்.

"நாளைக்கு நான் வந்து சொல்றேன். நான்தான் குடுத்தேன்னு சொல்றேன்."

"சொல்லுங்க. பழியைப் புருஷன் தலையில போட்டுட்டாள்னு அதையும் எழுதிக்குவாங்க. நான்தான் முதல்லயே சாரி சொல்லிட்டு வந்திருக்கேனே! செய்யாத தப்புக்கு யாராவது சாரி சொல்வாங்களா?"

சொல்லிவிட்டு, கட்டிலில் கிடந்த பையைப் பார்த்தாள். விடுதியில் பெருக்குகிறவளும் கொட்டினாளே. கதவைச் சாத்திவிட்டுத்தானே கொட்டினாள்? அந்த அறையில் வேறு யார் இருந்தார்கள், யாருக்குக் காட்ட? யாருக்கும் இல்லை. அவள் தேடியிருக்கிறாள். அந்தக் கடிகாரம் தன் பையில் இருந்துவிடுமோ என்று அவளே தேடியிருக்கிறாள்.

மறுநாள் இருவரும் துறை அறைக்குப் போனார்கள். புருஷன் நின்றுகொண்டே, ஒரு சொல் விடாமல் சொன்னார். மேடம் கேட்டார்.

"நான் நம்பறேன் சார். ஆனா நீங்க குடுத்தீங்களா, அவங்க குடுத்தாங்களாங்கறதுல கமிட்டிக்கு வித்தியாசம் இல்ல. மேல இருக்கற பேர் அவங்களுது."

புருஷன் வெளியே போய் வராந்தாவில் நின்றார். அவள் போகவில்லை.

"மேடம், அவ பையைக் கொட்டினது ஊருக்குக் காட்ட இல்ல."

"எவ?"

"கதையில வர்றவ. அவ அவளையே சந்தேகப்பட்டுத்தான் கொட்டினா. அதனாலதான் பேசல. எடுக்கலன்னு சொல்ல அவளுக்கே நிச்சயமா தெரியல."

மேடம் பேனாவை மூடி வைத்தார். "இது உங்க யூகம். கதையில ஆதாரம் எங்க?"

"கதவைச் சாத்தினாள்னு இருக்கே மேடம். காட்டறதா இருந்தா திறந்து வச்சுத்தானே கொட்டணும்?"

மேடம் புத்தகத்தை எடுத்து அந்த வரியைப் பார்த்தார். "சாத்தியிருக்கா. சரி. தன் அறைக்குள்ள போறவ கதவைச் சாத்தறது பழக்கம். இதை வச்சு இவ்வளவு பெரிய முடிவுக்கு வர முடியுமா?"

"திரும்ப வைக்கும்போது ஒவ்வொண்ணா வைக்கறா மேடம். கோபத்துல போறவ அள்ளிப் போட்டுட்டுப் போவா. இவ எண்ணி எண்ணி வைக்கறா."

"எண்ணி எண்ணின்னு கதையில இல்ல. ஒவ்வொண்ணான்னுதான் இருக்கு. அது நீங்க சேத்தது." மேடம் விடுவதாக இல்லை. "இன்னொண்ணு. ஏறக்குறைய இதையே ஒருத்தர் முன்னாடியே எழுதியிருக்கார். நீங்க அந்தக் கட்டுரையைத் தேடிப் பிடிக்கல."

வாழ்க்கையில் முதல் தடவையாகத் தனக்கென்று ஒரு கருத்து வந்தது, அதையும் ஒருத்தர் முந்திக்கொண்டார்.

"அப்போ இதுவும் என்னுது இல்லையா மேடம்?"

"வந்த வழி உங்களுது. ஆனா அவர் என்ன சொல்றார்னு படிச்சுட்டு, எங்க வேற மாதிரி நினைக்கிறீங்கன்னு சொல்லணும். அது அப்புறம்." மேடம் பீரோவைத் திறந்து வெள்ளைத் தாள்களை எடுத்து வைத்தார். "இப்ப சொன்னதை இங்கேயே உட்கார்ந்து எழுதுங்க. உங்களால எழுத முடியும்னு கமிட்டியில காட்டறதுக்கு என்கிட்ட ஒண்ணும் இல்ல."

எழுதினாள். கல்லில் நார் உரிக்கிற மாதிரிதான் வந்தது. அடித்து அடித்து எழுதினாள். போன் இங்கிலீஷில் இல்லாத சொற்களுக்குத் தவித்தாள். ஒரு வாக்கியத்தைத் தொடங்கி முடிக்கத் தெரியாமல் அழுகை வந்தது, மூக்கைத் துடைத்துக்கொண்டு வேறு மாதிரித் தொடங்கினாள். மேடம் எதிரிலேயே விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார், தலை நிமிரவில்லை. மூன்று பக்கம் ஆனபோது வராந்தாவில் புருஷன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி தூங்கிப்போயிருந்தார்.

கமிட்டியில் நடுவில் இருந்தவர் அந்தத் தாள்களைப் புரட்டினார். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"தப்பு செய்யலன்னா முதல்ல ஏன் மன்னிப்பு கேட்டீங்க?"

"எனக்கே சந்தேகமா இருந்துச்சு சார்."

அவர் அதை நம்பினாரா என்று முகத்தில் தெரியவில்லை. விதி விதிதான், கொடுத்த கட்டுரைக்குப் பூஜ்யம். பெயரை மட்டும் எடுக்காமல், இன்னும் ஒரு டெர்ம் விட்டார்கள். அதைக்கூட மேடம் வாதாடித்தான் வாங்கினார் என்று பிறகு தெரிந்தது. "நன்றி சார்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தவள் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டாள். அடுத்த டெர்ம் முடிவதற்குள் போன் செக்‌ஷனும் இருக்காது, ஈமெயில் பிரிவில் இடமும் இருக்காது. செத்த பிறகு வைத்தியம்.

அப்படியேதான் நடந்தது. கடைசி நாள் ஹெட்போனைத் திருப்பி வாங்கிக்கொண்டு கையெழுத்து வாங்கினார்கள். ஈமெயில் பிரிவுக்கு நீலச் சேலை கேட்ட அந்தப் பெண் போனாள். சாரி அக்கா வீட்டுக்கு வந்தாள். அதற்குப் பிறகு வந்த மாதங்களைப் பற்றி அவள் அதிகம் பேசுவதில்லை. காலையில் எழுந்து தலைவாரி, போக இடமில்லாமல் மறுபடி படுத்துக்கொண்ட நாட்கள் உண்டு. வேலை கேட்டுப் போன இடத்திலெல்லாம், "போன்ல பேசினதைத் தவிர வேற என்ன தெரியும்?" என்றார்கள். புருஷனோடு தேவைக்குப் பேச்சு, மற்றபடி மௌனம். அவர் நின்றுகொண்டே சாப்பிட்டுவிட்டு, தட்டைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போவார். அதைப் பார்த்தால் இன்னும் எரியும். எடுத்தேன் கவிழ்த்தேன் என்று ஒன்றைச் செய்துவிட்டுத் தட்டுக் கழுவினால் சரியாகிவிடுமா?

கடைசியில் ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில் வரவேற்பு மேஜையில் ஆள் வேண்டும் என்றார்கள். போனாள். அங்கே வருகிறவர்களுக்கு வாய் வீங்கியிருக்கும், கத்த மாட்டார்கள். அது ஒரு நிம்மதி. மத்தியானத்தில் கூட்டம் இல்லாத நேரத்தில் மறுபடி கட்டுரையை எடுத்தாள்.

முந்திக்கொண்ட அந்த ஆளைத் தேடிப் பிடித்துப் படித்தாள். ஏழைகளைத் திருடர்களாகவே பார்க்கிற சமூகம் அவளுக்கு அந்தச் சந்தேகத்தைச் சொல்லிக் கொடுத்துவிட்டது என்று எழுதியிருந்தார் அவர். வழக்கம்போல, ஆமாம் சரிதானே என்று தோன்றியது. பக்கத்தைத் திருப்பப் போனவள் நிறுத்தினாள். சரியா? திட்டுகிறவர்களிடம் வருஷக்கணக்காகப் பேசியிருக்கிறாள். எவனாவது கத்தும்போது, ஒருவேளை தப்பு என்னுடையதோ என்று அவளுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. வாய்தான் சாரி சொல்லும், உள்ளே 'போடா' என்றுதான் இருக்கும். தன்மையாக, 'பயப்படாதே, யோசிச்சு சொல்லு' என்று ஒருவர் கேட்டபோதுதான் இவள் வீட்டுக்குப் போய்ப் பையைக் கொட்டினாள். கடிகாரக்காரரும் தன்மையாகத்தானே கேட்டார்? சமூகம் இல்லை, அந்தக் குரல்தான் காரணம். கத்தியிருந்தால் பெருக்குகிறவள் 'இல்லை' என்று பதிலுக்குக் கத்தியிருப்பாள்.

அறிஞர் சொன்னது தவறு என்று இங்கிலீஷில் எழுதினாள். அழித்தாள். மறுபடி எழுதினாள். போதாததற்கு, தன்மையாகப் பேசுகிற மேடம் இதைப் படித்தால் என்ன நினைப்பார் என்ற பயம் வேறு. ஆனாலும் அழிக்கவில்லை.

ஒருநாள் சாப்பிடும்போது புருஷன் தயங்கித் தயங்கி, "அந்தக் கதைதான் என்ன, எனக்கும் ஒருதடவை சொல்லேன்" என்றார். சொன்னாள். அவர் கடைசிவரை கேட்டுவிட்டு, "எதுக்குத் திரும்பி வந்தா? நானா இருந்தா வந்திருக்க மாட்டேன்" என்றார். "வராம எங்க போவா?" என்று இவள் மடக்க, அவர் ஒன்று சொல்ல, இவள் ஒன்று சொல்ல, சோறு ஆறிப்போனது. அன்றைக்கு அவர் உட்கார்ந்து சாப்பிட்டார்.

கட்டுரையை இந்தத் தடவை அவளே அச்சடித்து அவளே கொண்டுபோய்க் கொடுத்தாள். திரும்பி வந்தபோது பக்கத்துக்குப் பக்கம் செங்கல் சூளைதான். 'இது போதாது', 'இங்கே ஆதாரம் எங்கே', 'இந்த வாக்கியத்துக்கு வினைச்சொல் இல்லை'. குரலைப் பற்றி எழுதிய பக்கத்தில் மேடம் ஒரு கோடு இழுத்து, 'இதை நான் ஒப்புக்கொள்ளவில்லை, நேரில் பேசுவோம்' என்று எழுதியிருந்தார். மதிப்பெண், தேறுவதற்கு வேண்டியதைவிடக் கொஞ்சம் மேலே. அவ்வளவுதான்.

பட்டம் தபாலில் வந்தது. கம்பெனியில் கேட்டுப் பார்த்தாள், ஈமெயிலுக்கும் இப்போது மெஷினே பதில் எழுதுகிறது என்றார்கள். அவள் கிளினிக்கிலேயே இருக்கிறாள். பாடப் புத்தகத்தில் பாடமாக வைக்காத மற்றக் கதைகளைக் கூட்டமில்லாத நேரத்தில் படிக்கிறாள். போன வாரம் ஒன்றைப் படித்து முடித்ததும் பொறுக்கமாட்டாமல் மேடத்துக்குப் போன் செய்து, "இந்தக் கதையில முடிவு சுத்தப் பொய் மேடம்" என்றாள். "எதை வச்சு சொல்றீங்க?" என்று அவர் மெதுவாக ஆரம்பித்தார். உள்ளே பல்லைப் பிடுங்க ஒருவரை வாயைப் பிளக்க வைத்துவிட்டு, பஞ்சு கேட்டு டாக்டர் மணியடித்துக்கொண்டே இருந்தார்.